பொத்தான் யார் பக்கம்?

கதவு எதற்காக? வர வேண்டியவர் வருவதற்காக. வரக் கூடாதவர் வராமல் தடுப்பதற்காக. இதிலே யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால், கதவு ஒன்றைச் செய்து, அதைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாதபடி அமைத்து, தாழ்ப்பாளை எட்டாத உயரத்திலே வைத்து, "வாருங்கள், எல்லோருக்கும் திறந்திருக்கிறது!" என்று வாசலிலே பலகையும் மாட்டி வைத்தால் அதற்கு என்ன பெயர்? அழைப்பா, ஏய்ப்பா?

இன்றைக்கு நாட்டிலே வாசல்கள் மாறிவிட்டன. கர்ணம் வீட்டுத் திண்ணை போயிற்று. தாலுகா கச்சேரியின் மரப் பெஞ்சும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. பட்டா வேண்டுமா? திரையைத் தொடு. பணம் வேண்டுமா? பொத்தானை அழுத்து. இரயிலிலே இடம் வேண்டுமா? கைப்பேசியைத் திற. அரசாங்கத்தின் வாசலும், வங்கியின் வாசலும், வணிகரின் வாசலும் ஒரு சாண் கண்ணாடிக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன.

அந்தக் கண்ணாடியிலே எந்த எழுத்து எங்கே இருப்பது, எந்தப் பொத்தான் எத்தனை பெரிதாக இருப்பது, தவறாகத் தொட்டுவிட்டால் என்ன ஆவது என்று முடிவு செய்கிற தொழிலுக்கு இடைமுக வடிவமைப்பு என்று பெயர். தொடுகிறவர் பெறுகிற சுகத்தையும் படுகிற பாட்டையும் பயனர் அனுபவம் என்கிறார்கள். பெயர்தான் பெரிது, பொருள் எளிது. கருவி மனிதனுக்கு வளைகிறதா, மனிதன் கருவிக்கு வளைகிறானா? இவ்வளவுதான் கேள்வி.

கணிப்பொறிக்காரர்கள் தங்களுக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று! இது உரிமைக் கேள்வி. எப்படி என்று கேட்கிறீர்களா? புவனகிரிக்கு வாருங்கள், காட்டுகிறோம்.

இரண்டு இயந்திரங்கள்

வெள்ளாற்றங்கரையிலே, சிதம்பரத்தை அடுத்து இருக்கிற ஊர் புவனகிரி. சுற்றிலும் நெல் விளைகிற சிற்றூர்கள். உழுகிறவரும் நடுகிறவரும் நெய்கிறவரும் விற்கிறவரும் வந்து போகிற கடைத்தெரு. அங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் காணக்கூடிய காட்சியையே சொல்லுகிறோம்.

2023 செப்டம்பர் 15 அன்று, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு. இடையிலே தரகன் இல்லை, "எனக்கு என்ன தருவாய்?" என்று நீளும் கை இல்லை. நல்ல ஏற்பாடு, பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால், கணக்குக்கு வந்த வேகத்திலே பணம் கைக்கு வருகிறதா?

பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னே வரிசை. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி. முந்தானையிலே முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்து, பின்னால் நிற்கிற முன்பின் அறியாத இளைஞனிடம் நீட்டுகிறாள்.

"தம்பி, இதுல ஆயிரம் எடுத்துக் குடுப்பா."

"நம்பர் என்ன ஆயா?"

ஆயா சொல்லுகிறாள். காது கொஞ்சம் மந்தம். ஆகவே உரக்கவே சொல்லுகிறாள். வரிசையிலே நிற்கிற எட்டுப் பேருக்கும் கேட்கிறது. இரகசிய எண் என்று வங்கி அதற்குப் பெயர் வைத்திருக்கிறது! அந்த இளைஞன் நல்லவனாக இருந்தால் பணம் வரும். இல்லையென்றால்? நாளிதழிலே நான்கு வரிச் செய்தி வரும்.

ஏன் அவளே எடுக்கவில்லை? இயந்திரத்தைப் பாருங்கள். திரைக்கு இப்புறம் நான்கு பொத்தான், அப்புறம் நான்கு பொத்தான். எழுத்து ஓரிடம், பொத்தான் ஓரிடம். குனிந்து பார்த்தால் ஒரு வரிக்கு நேராக இருப்பது, நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வரிக்கு நேராக இருக்கிறது. சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா என்று ஒரு கேள்வி. இரசீது வேண்டுமா என்று மற்றொரு கேள்வி. அவள் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்ளே, "உன் நேரம் முடிந்தது" என்று அட்டையை வெளியே துப்பிவிடுகிறது.

அதே ஆயாவைத் தேர்தல் நாளிலே பாருங்கள். தனியே நடந்து போகிறாள். விரலிலே மை வைத்துக்கொள்கிறாள். அட்டை மறைப்புக்குப் பின்னே நிற்கிறாள். எதிரே வாக்குப் பதிவு இயந்திரம். வேட்பாளர் பெயர் தமிழிலே இருக்கிறது; பக்கத்திலே படம்; அதன் பக்கத்திலே சின்னம்; சின்னத்துக்கு நேரே நீலப் பொத்தான். அழுத்துகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி எழுகிறது. கண்ணாடிக்குள்ளே ஏழு நொடி ஒரு சீட்டு தெரிகிறது, அவள் போட்ட சின்னம் அதுதான் என்று சொல்லுகிறது. யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. யாரிடமும் இரகசியத்தைச் சொல்லவில்லை. அழைத்தாலும் சொன்னாலும் அவளுக்குத்தான் கோபம் வரும்!

வாக்குச் சாவடியிலே அரசி. வங்கி வாசலிலே அபலை! ஒரே ஊர், ஒரே பெண், அதே படிப்பு. ஆளா மாறிவிட்டாள்? இல்லை, இயந்திரம் மாறியது. ஒன்றைச் செய்தவர்கள் அவளை மனத்திலே வைத்துச் செய்தார்கள். மற்றொன்றைச் செய்தவர்கள் தங்களை மனத்திலே வைத்துச் செய்துகொண்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுப்பிய மாளிகை

அந்த நீலப் பொத்தான் ஒரே நாளிலே வந்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலே நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு. அந்த நிலையிலே, 1951-52இல், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று முதல் பொதுத் தேர்தல் நடந்தது. உலகத்து மேதைகள் சிலர் சிரித்தார்கள். "பெயரைப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்கா?" என்றார்கள்.

"அவன் முதலிலே படித்துவிட்டு வரட்டும்" என்று நாடு காத்திருக்கவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தார்கள்; பெட்டியின் மேலே சின்னத்தை ஒட்டினார்கள். எந்தப் பெட்டி வேண்டுமோ அதிலே சீட்டைப் போடு. எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். பின்னர் ஒரே சீட்டிலே எல்லாச் சின்னமும் வந்தன. 1982இல் கேரளத்துப் பரவூரிலே முதன்முதலாக இயந்திரம் வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலிலே தமிழ்நாடு முழுதும் இயந்திரம்தான். 2015 முதல் வேட்பாளர் படமும் சேர்ந்தது. பார்வையற்றோர் விரலால் தடவி அறியப் பிரெய்ல் எண்களும் உண்டு. உதயசூரியனைத் தெரியாதவர் உண்டா, இரட்டை இலையைத் தெரியாதவர் உண்டா? படம் பேசியது, பாமரர் ஆண்டார்.

இந்த இயந்திரத்தைப் பற்றி அரசியல் மேடைகளிலே வழக்குகள் உண்டு. அது வேறு வழக்கு. அதை அழுத்தத் தெரியவில்லை என்று மக்கள் திகைத்து நின்றார்கள் என்ற வழக்கு எங்கும் இல்லை.

படித்தவர் நாடு அமெரிக்கா. அங்கே 2000ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலிலே, புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்திலே, வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவிலே ஒரே வரிசையாக வைத்தார்கள். எந்தப் பெயருக்கு எந்தத் துளை? பலருக்குக் குழப்பம். ஒருவருக்குப் போட நினைத்து வேறொருவருக்குத் துளையிட்டார்கள். இரண்டு துளையிட்டுச் செல்லாத சீட்டாக்கியவர்களும் ஏராளம். மாநிலத்தின் முடிவோ 537 வாக்கு வித்தியாசத்திலே தீர்ந்தது! உலகத்தின் பெரிய நாற்காலியிலே யார் உட்காருவது என்பதிலே, ஒரு தாளிலே துளை எங்கே இருந்தது என்பதற்கும் பங்கு உண்டு. இப்போது சொல்லுங்கள், பொத்தான் சிறிய சங்கதியா?

குற்றம் கையினுடையதா, பலகையினுடையதா?

"மக்களுக்குத் தெரியவில்லை, விழிப்புணர்வு போதாது" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வது அதிகார பீடத்தின் பழைய வித்தை. 1979 மார்ச்சிலே அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்திலே பெரும் விபத்து. திறந்த அடைப்பான் மூடிக்கொள்ளவில்லை. குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. பலகையிலிருந்த விளக்கோ மூடிவிட்டது என்பது போலக் காட்டியது. காரணம், மூடும்படி ஆணை போயிற்றா என்பதைத்தான் அந்த விளக்கு அறிந்திருந்தது. மூடிற்றா என்பதை அறியவில்லை. உள்ளே இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அவர்களையே பலகை ஏமாற்றியது என்றால், ஆயாவைப் பார்த்து "உனக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

டொனால்டு நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் ஒரு நூல் முழுதும் இதைத்தான் எடுத்துச் சொன்னார். கதவைத் தள்ளத் தெரியாமல் ஒருவன் திண்டாடினால் குறை அவன் தலையிலே இல்லை, கதவிலே இருக்கிறது என்றார். இன்றைக்கு இத்துறையிலே அது பாலபாடம்.

எழுத்தையே செப்பம் செய்த மண் இது

இந்தப் பாடத்தை மேல்நாட்டார் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டுமா? எழுத்தே மனிதன் செய்த முதல் இடைமுகம் அல்லவா! அதையே மக்களுக்காக வளைத்தவர் தந்தை பெரியார். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் ஒரு காலத்திலே யானையின் துதிக்கை போலச் சுருண்டு கிடந்தன. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர ஓகார எழுத்துகளும் தனித்தனி உருவம் கொண்டிருந்தன. குழந்தைக்குச் சுமை, அச்சுக் கோப்பவருக்குப் பெட்டியிலே கூடுதல் அறை. பெரியார் 1935இலேயே தம் ஏட்டிலே அவற்றை நேராக்கி அச்சிட்டார். "எழுத்திலே கை வைப்பதா?" என்று கூச்சலிட்டார்கள். 1978இல், அவர் மறைந்த பின்னர், எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்து அந்த 13 எழுத்துகளின் சீர்திருத்தத்தை ஏற்றது. இன்றைக்குப் பழைய உருவத்தைக் காட்டினால் பிள்ளைகள் "இது என்ன எழுத்து?" என்று கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலே பிறந்து கடல் கடந்து போய் உழைத்த ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்டார். 247 எழுத்துக்கு 247 விசையா வைக்க முடியும்? புள்ளியும் கொக்கியும் அடித்தால் உருளை நகராமல் நிற்க, அடுத்த எழுத்து அதனோடு வந்து சேரும்படி நகரா விசை வைத்தார். இயந்திரத்துக்காகத் தமிழை வெட்டவில்லை. தமிழுக்காக இயந்திரத்தை வளைத்தார்.

1999 பிப்ரவரியிலே சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. அப்போது முதலமைச்சர் கலைஞர். அந்த மாநாட்டின் வழியே பிறந்தது தமிழ் 99 விசைப்பலகை. உயிர் ஒரு புறம், மெய் பெரும்பாலும் மறுபுறம். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் போதும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் முன்னதற்குப் புள்ளியைப் பலகையே வைத்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. தொல்காப்பியர் காலத்து இலக்கணம் விரல் நுனிக்கு ஏவல் செய்கிறது! வடிவமைப்பு என்றால் வண்ணம் பூசுவதன்று. மொழியின் இயல்பையும் மனிதனின் இயல்பையும் அறிந்து வழி விடுவது.

முகப்பிலே மொழி

இத்தனை செய்த இனத்துக்கு 2024 நவம்பர் 19 அன்று என்ன நேர்ந்தது? ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளம் திறந்தவுடனே முகப்பு முழுதும் இந்தி. வேறு மொழிக்கு மாறலாம் என்றால், மாறுவதற்கான பொத்தானும் இந்தியிலே! அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டனம் தெரிவித்தார். நாடெங்கும் குரல் எழுந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று கழகம் விளக்கம் தந்தது. தளம் சரி செய்யப்பட்டது.

கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். கோளாறு ஏன் எப்போதும் ஒரே திசையிலே சாய்கிறது? ஒருநாளாவது கோளாறு காரணமாக முகப்பு முழுதும் தமிழாகி, தில்லிக்காரர் திகைத்தார் என்று கேள்விப்பட்டதுண்டா? மொழி மாற்றும் பொத்தானிலே ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. வெளியே போகும் வழியை, உள்ளே சிக்கியவனுக்குத் தெரியாத மொழியிலே எழுதி வைப்பது கதவன்று, பொறி!

1965 சனவரி 27 அன்று, புவனகிரிக்குப் பக்கத்திலே, அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி மடிந்தார். அவர் உயிர் கொடுத்தது எதற்காக? தன் நாட்டிலே தமிழன் இரண்டாந்தரக் குடிமகனாக நிற்கக் கூடாது என்பதற்காக. அன்று தபால் நிலையத்துப் படிவத்திலே நுழைந்தது, இன்று கைப்பேசித் திரையிலே நுழைகிறது. வடிவம் புதிது, வழக்கு பழையது.

ஆனால் ஒன்று, நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்து இருந்துவிட்டால் மட்டும் போதுமா? ஆங்கிலத்துக்கு அளந்து செய்த சிறு பொத்தானுக்குள்ளே நீண்ட தமிழ்ச் சொல்லைத் திணித்து வாலை வெட்டிவிட்டால் அது தமிழா? "பணம் எடுக்க" என்று ஊரே சொல்லுகிறபோது, "தொகை மீளப்பெறல்" என்று எழுதி வைத்தால் ஆயாவுக்கு அதுவும் அயல் மொழிதான். முகப்பு என்று சொல்ல வேண்டிய இடத்திலே, அகராதியைப் பார்த்து வீடு என்று வைத்தால் சிரிப்புத்தான் வரும். இந்தியை எதிர்த்து விரட்டிவிட்டுப் புரியாத தமிழை அரியணையிலே ஏற்றினால் பயன் என்ன? மக்கள் பேசும் தமிழ் வேண்டும்; மக்கள் கண்ணுக்குத் தெரியும் அளவிலே வேண்டும்.

வஞ்சகமும் ஒரு வடிவமைப்பே

இதுவரை சொன்னது அறியாமையின் விளைவு. அறிந்தே செய்கிற அக்கிரமமும் உண்டு. "இன்னும் இரண்டு நிமிடந்தான்!" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையிலே நுழைப்பது, சந்தாவிலே சேர ஒரு பொத்தான், விலகப் பத்துப் பொத்தான் வைப்பது, "வேண்டாம்" என்பதை வெளுத்த நிறத்திலே ஒளித்து வைப்பது. 2023 நவம்பர் 30 அன்று இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட வஞ்சக வடிவங்கள் 13 வகை என்று பட்டியலிட்டுத் தடை செய்தது. பெரியார் தொட்ட எழுத்தும் 13, வணிகர் தொடுத்த வஞ்சமும் 13! அங்கே அறிவு மக்களுக்காக உழைத்தது. இங்கே அறிவு மக்களை மடக்க உழைக்கிறது.

2016இல் வந்த யு.பி.ஐ. முறையைப் பாருங்கள். அரிய ஏற்பாடு; மறுப்பதற்கில்லை. அதிலே, "எனக்குப் பணம் கொடு" என்று ஒருவர் மற்றவருக்கு வேண்டுகோள் அனுப்பும் வசதியும் இருந்தது. மோசக்காரன் என்ன செய்தான்? "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றான். ஏமாந்தவர் எண்ணைப் போட்டார். வர வேண்டிய பணம் வரவில்லை, இருந்த பணம் போயிற்று! பணம் பெற இரகசிய எண்ணே தேவையில்லை. கொடுக்க மட்டுமே தேவை. இந்த ஒரு செய்தியைத் திரை பளிச்சென்று உரக்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்? தனி ஆளிடமிருந்து தனி ஆள் இப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். காலம் கடந்த நீதி; ஆனாலும் நீதி.

அதே யு.பி.ஐ. உலகத்திலேதான் நல்லதற்கும் சான்று இருக்கிறது. கடைத்தெருவிலே பூ விற்கும் பெண்ணின் கூடைக்குப் பக்கத்திலே ஒரு சிறு பெட்டி. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழிலே கூவுகிறது. அவள் கைப்பேசியை எடுக்க வேண்டாம், கண்ணாடி போட வேண்டாம், கட்டுகிற சரத்தை விட வேண்டாம். கை வேலையிலே இருக்கிறது, காது கணக்கிலே இருக்கிறது. யாரோ ஒருவன் அவளை நினைத்திருக்கிறான்! வணிகர் வருமானத்துக்காக நினைத்தான் என்பீர்கள். ஆம்! வருமானத்துக்காக நினைக்க முடிந்தவனுக்கு, மானத்துக்காக நினைக்க முடியாதா?

கேட்கிறோம், கெஞ்சவில்லை

புவனகிரியை அடுத்த மருதூரிலே 1823இல் பிறந்தவர் வள்ளலார். வடலூரிலே 1867இல் அவர் தொடங்கிய தருமசாலையிலே, வந்தவரின் சாதி என்ன, ஊர் என்ன என்று படிவம் நீட்டவில்லை. பசி ஒன்றே நுழைவுச் சீட்டு. எளியவர் வருகிற வாசல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா? அந்த மண்ணிலே நின்று கேட்கிறோம்.

முதலாவது: தமிழ்நாட்டு மக்கள் தொடுகிற ஒவ்வொரு திரையும் தமிழிலே தொடங்கட்டும். மற்ற மொழிக்காரருக்கு அவரவர் எழுத்திலே வழி இருக்கட்டும்.

இரண்டாவது: பேசட்டும். 2014 சூலை முதல் புதிதாக வைக்கும் பணம் எடுக்கும் இயந்திரங்கள் எல்லாம் பார்வையற்றோருக்காகப் பேச வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பேசும் வாய் இருக்கிறது என்றால், அந்த வாய் எழுத்தறியாதவருக்கும் தமிழிலே பேசட்டும்.

மூன்றாவது: கொடுப்பது ஒரு நிறம், பெறுவது ஒரு நிறம், இரண்டும் ஒன்று போலத் தோன்றவே கூடாது. தவறினால், "பிழை" என்று மட்டும் மிரட்டாமல், அடுத்து என்ன செய்வது என்று சொல்லட்டும்.

நான்காவது, இதுவே தலையாயது: சோதித்துப் பார்த்துவிட்டு வெளியிடட்டும். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறை வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற இத்துறை வல்லுநர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த ஐந்து பேர் பெங்களூரின் குளிர் அறையிலே இருக்கிற ஐந்து பொறியாளராக இருக்க வேண்டாம். நாற்று நடுகிறவள் ஒருத்தி, மீன் விற்கிறவள் ஒருத்தி, தறி ஓட்டுகிறவர் ஒருவர், பார்வை இழந்தவர் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒன்று. இவர்கள் கையிலே கொடுங்கள். பக்கத்திலே நின்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எங்கே அவர்கள் விரல் தயங்குகிறதோ, அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.

இதற்குச் செலவு ஆகுமே என்பார்கள். நூற்றுக்கு 18 பேர் மட்டும் படித்திருந்த ஏழை நாடு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி செய்து ஊர் ஊராய் அனுப்பியதே, அப்போது செலவு தெரியவில்லையா? அன்று நாடு மக்களின் வாக்கை மதித்தது. ஆகவே வழி கண்டது. இன்று மக்களின் பணத்தையும் நேரத்தையும் மானத்தையும் மதிக்கட்டும். வழி தானே பிறக்கும்.

பொத்தான் ஒரு பக்கம் நின்றுதான் தீரும். நடுநிலைப் பொத்தான் என்று ஒன்று உலகத்திலே இல்லை. வடிவமைக்கிற தம்பிகளே, தங்கைகளே! சிற்றூரிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போய்ப் படித்து, இன்று உலகத்துத் திரைகளைத் தீட்டுகிறவர்கள் நீங்கள். அடுத்த பொத்தானை எங்கே வைப்பது என்று எண்ணும்போது, உங்களைப் படிக்க வைத்த தாயின் விரலை நினையுங்கள். நினைத்து, அந்த விரலுக்கு எட்டும் இடத்திலே வையுங்கள்!